பொறுத்தலும் மாப்பும்



பதியிலும் நிழல் தாங்கலிலும் நின்று அன்பர்கள் அய்யாவிடம் கேட்பவற்றில் முதன்மையானது, அறிந்தும் அறியாமலும் செய்த பிழையைப் பொறுக்க வேண்டும், மாப்புத் தர வேண்டும் என்பது. தினமும் நாவில் வருகிற சொற்கள் ஆனபடியால் பொறுத்தல், மாப்பு ஆகிய இரண்டும் ஒன்றேதான் என்று எண்ணிவிடுகிறோம். உண்மையில் இரண்டும் வேறு. பொறுத்தல் என்றால் சுமத்தல். பூமி நம்மைப் பொறுக்கிறது. சுமைதூக்குகிறவன் தலைப்பாரத்தைப் பொறுக்கிறான். மாப்பு என்பது விட்டுவிடுதல், கடன்பட்டவனிடம் "நீ தர வேண்டாம், போ" என்று சொல்வதைப் போன்றது. பொறுத்தல் அடிபட்டவன் தோளில் நடக்கிற காரியம். மாப்பு அடித்தவன் கைக்குப் போய்ச் சேருகிற காரியம்.

கேட்கிற இடத்தில் நிற்கும் வரையில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. கொடுக்க வேண்டிய இடத்தில் நிற்கும்போதுதான் தெரியவரும். வரப்பை வெட்டிய பக்கத்து வயல்காரனுக்கும், சபையில் வாய்தவறிப் பேசிய மைத்துனனுக்கும் மாப்புக் கொடுத்துவிடலாம். பெற்ற பிள்ளையைக் கொன்றவனுக்கு? அந்த இடத்தில் "பொறுமையே பெரிது" என்று பிறர் சொல்லும் ஆறுதல் காதில் நெருப்பாக விழும். அதனால்தான் இந்தப் பாடத்துக்கு எளிய உதாரணம் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. மிகக் கடினமான ஒன்றே எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து லாங்காஸ்டர் வட்டாரத்தில் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் வாழ்கிறார்கள். உழவும் பால்மாடும் அவர்கள் பிழைப்பு. போக்குவரத்துக்குக் குதிரை வண்டி. ஊர் மின்கம்பியிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் எடுப்பதில்லை. உடையிலும் பேச்சிலும் பகட்டு இல்லை. சண்டைக்குப் போவதில்லை, பட்டாளத்தில் சேருவதில்லை. அயல் மார்க்கத்தார் கதை நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். அவர்கள் நம்பிக்கையை ஏற்பதற்காக இங்கே சொல்லவில்லை. தர்மம் எந்த ஊரில் நடந்தாலும் அது தர்மம்தான். நடந்த விதத்தைப் பார்த்தால் பாடம் விளங்கும்.

2006ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி, திங்கட்கிழமை. நம் நாட்டில் அன்று காந்தி ஜெயந்தி. நிக்கல் மைன்ஸ் என்ற சிற்றூரில் ஒரே அறை கொண்ட ஆமிஷ் பள்ளிக்கூடத்துக்குள் 32 வயது ஆள் ஒருவன் துப்பாக்கிகளோடு நுழைந்தான். அவன் ஆமிஷ் இல்லை, ஆனாலும் அன்னியனும் இல்லை. அந்தப் பக்கத்துப் பண்ணைகளில் பால் எடுத்துச் செல்லும் லாரியின் ஓட்டுநர் அவன். அங்கே படித்த பிள்ளைகளில் சிலருடைய வீட்டுப் பாலையே ஏற்றிக்கொண்டு போனவன். ஆண் பிள்ளைகளையும் பெரியவர்களையும் வெளியே அனுப்பிவிட்டு, 6 முதல் 13 வயது வரையுள்ள பத்துப் பெண் குழந்தைகளைக் கட்டிவைத்தான். அதற்குள் தப்பி ஓடிய ஆசிரியை பக்கத்துப் பண்ணையிலிருந்து போலீசுக்குத் தகவல் கொடுத்தார். போலீசார் சூழ்ந்ததும் அவன் சுடத் தொடங்கினான். மற்றப் பிள்ளைகளுக்குக் கொஞ்ச நேரமாவது கிடைக்கட்டும் என்று, 13 வயதுப் பெண் ஒருத்தி தன்னை முதலில் சுடும்படி சொன்னதாகப் பிழைத்த குழந்தைகள் பின்னர் தெரிவித்தார்கள். ஐந்து குழந்தைகள் இறந்தார்கள், ஐந்து பேர் படுகாயத்தோடு பிழைத்தார்கள். அவன் தன்னையும் சுட்டுக்கொண்டு செத்தான்.

ஏன் செய்தான்? அவன் எழுதிவைத்த கடிதத்தில் ஒரு காரணம் இருந்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, பிறந்த சற்று நேரத்திலேயே இறந்துபோனது. அதற்காக அவன் கடவுள் மேல் கோபம் கொண்டிருந்தான், அந்தக் கோபம் ஆறவே இல்லை. இந்த இடத்தைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். அவனும் பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன். தன் பாரத்தைப் பொறுக்க முடியாமல் ஒன்பது ஆண்டு உள்ளேயே வைத்துக் காய்ச்சியவன். கலி என்பது கொம்பும் வாலும் உள்ள உருவமல்ல, மனத்துக்குள் குடியிருப்பது என்று அன்பர்கள் படித்திருக்கிறார்கள். ஆறாத ஒரு வருத்தத்துக்குள் அது எப்படிக் குடியேறும் என்பதற்கு இதைவிடத் துயரமான சாட்சி வேண்டாம். இதைச் சொல்வதால் அவன் செய்த பாவம் ஒரு மணி அளவும் குறையாது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் எல்லாரும் துப்பாக்கி எடுப்பதில்லை.

அன்று மாலையே நடந்ததுதான் உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. ஆமிஷ் ஊரார் சிலர் கொலைகாரன் வீட்டுக்குத் துட்டி கேட்கப் போனார்கள். அவனுக்கு மனைவியும் மூன்று பிள்ளைகளும் உண்டு. "உங்கள் மேல் எங்களுக்கு வர்மம் இல்லை, ஊரை விட்டுப் போய்விடாதீர்கள்" என்ற கருத்தை அவர்களிடம் சொன்னார்கள். அவனுடைய தகப்பனாரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். அந்த வாரம் வியாழனும் வெள்ளியும் குழந்தைகளை அடக்கம் செய்தார்கள். சனிக்கிழமை அவனை அடக்கம் செய்தபோது வந்திருந்த எழுபது, எண்பது பேரில் ஏறக்குறையப் பாதிப்பேர் ஆமிஷ் மக்கள். முந்தின நாள் தன் மகளை மண்ணில் வைத்த பெற்றோரும் அதில் இருந்தார்கள். பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்காக உலகமெங்குமிருந்து வந்த நன்கொடைப் பணத்திலும் ஒரு பங்கை அந்த விதவைக்கும் பிள்ளைகளுக்கும் கொடுத்தார்கள்.

நம் ஊர்களில் ஒரு கொலை நடந்தால் என்ன ஆகும் என்று தெரியும். கொன்றவன் ஓடிவிடுவான் அல்லது சரண் அடைவான். அகப்படுவது அவன் வீட்டார். வைக்கோல்போர் எரியும். தென்னம்பிள்ளைகள் வெட்டுப்படும். அவன் தங்கைக்குச் சம்பந்தம் பேச யாரும் வரமாட்டார்கள். குற்றமே செய்யாத ஒரு தாய் இரவோடு இரவாக ஊரைக் காலி செய்வாள். நிக்கல் மைன்ஸ் மக்கள் முதலில் தடுத்தது இதைத்தான். இதில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. கொலைகாரன் செத்துவிட்டான், மாப்புக் கேட்கவும் இல்லை, வாங்கிக்கொள்ளவும் அவன் இல்லை. ஆகவே அவர்கள் செய்ததைச் சரியாகச் சொன்னால், அவனைப் பொறுத்தார்கள், அவன் வீட்டாரைத் தாங்கினார்கள். தாழ்ந்து கிடப்பவரைக் கைதூக்கிவிடுவதே தர்மம் என்று படித்தவர்களுக்கு இது புரியும். அந்த நேரத்தில் அந்த ஊரிலேயே மிகத் தாழ்ந்து கிடந்த வீடு அந்த விதவையின் வீடுதான்.

எல்லாரும் இதைப் புகழவில்லை. குழந்தைகள் கொல்லப்பட்டபோது கோபமே வராத மக்கள் நடுவில் வாழ யார் விரும்புவார் என்று அமெரிக்கப் பத்திரிகையில் ஒருவர் கேட்டார். கேட்காத மன்னிப்பு எப்படிச் செல்லும் என்றும் கேட்டார்கள். இவை வீம்புக்குக் கேட்டவை அல்ல, பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கோபம் வரவில்லை என்பது உண்மையல்ல. டொனால்ட் க்ரேபில் முதலிய மூன்று ஆய்வாளர்கள் அந்த மக்களோடு பேசி 2007இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். அதிலிருந்து தெரிவது இது: மன்னிப்பது என்று அவர்கள் முடிவு செய்தது ஒரே நாளில். மனம் அதற்கு இணங்க மாதங்களும் ஆண்டுகளும் ஆயின. அழுதார்கள், தூக்கம் இழந்தார்கள், மனநல ஆலோசகர்களிடம் போனார்கள். காலையில் மன்னித்ததை மாலையில் மறுபடியும் முதலிலிருந்து மன்னிக்க வேண்டியிருந்தது. எவரெட் வொர்திங்டன் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியரும் இந்த இரண்டையும் பிரித்தே சொல்கிறார். பழிவாங்கமாட்டேன் என்று தீர்மானிப்பது ஒன்று. உள்ளத்தில் கசப்பு வடிவது வேறொன்று, அது தன் பாட்டுக்கு மெதுவாகவே வரும். அவர் ஏட்டைப் பார்த்துச் சொன்ன ஆள் அல்ல. 1996 புத்தாண்டு வேளையில் திருட வந்தவன் கையால் அவருடைய தாய் வீட்டுக்குள்ளேயே கொலையுண்டார்.

ஆகவே, "பொறுத்துவிட்டேன் என்று சொன்னாயே, இன்னும் ஏன் அழுகிறாய்?" என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. பாரத்தைத் தோளில் ஏற்றியவனுக்குத் தோள் வலிக்கத்தான் செய்யும்.

ஒரே நாளில் முடிவெடுக்க அவர்களால் எப்படி முடிந்தது? அந்தத் திங்கட்கிழமை புதிதாக வந்த புத்தி அல்ல அது. அவர்கள் முன்னோர் 16ஆம் நூற்றாண்டில் சுவிட்சர்லாந்து முதலிய நாடுகளில் அரசாலும் திருச்சபையாலும் வேட்டையாடப்பட்டவர்கள். வயது வந்தபின் மனமறிந்து பெறுவதே ஞானஸ்நானம் என்று சொன்னதற்காக ஆற்றில் அமிழ்த்தப்பட்டார்கள், தீயில் எரிக்கப்பட்டார்கள். அப்படி மாண்டவர்களின் வரலாற்று நூல் ஆமிஷ் வீடுகளில் இன்றும் இருக்கிறது. அதில் டிர்க் வில்லெம்ஸ் என்பவரின் கதை பிள்ளைகளுக்கும் தெரியும். ஹாலந்து தேசத்தில் சிறையிலிருந்து தப்பி, உறைந்த நீர்ப்பரப்பின் மேல் ஓடினார். பின்னால் துரத்தி வந்தவன் பனி உடைந்து தண்ணீருக்குள் விழுந்தான். வில்லெம்ஸ் திரும்பி வந்து அவனைத் தூக்கிக் கரையேற்றினார். அதனாலேயே மறுபடி பிடிபட்டார். 1569இல் அவரை எரித்தார்கள். கதையில் அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை, நல்லது செய்தவருக்குக் கைம்மேல் பலன் கிடைக்கவில்லை. அப்படியே அதைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். தங்களுக்கு மன்னிப்பு வேண்டுமானால் தாங்களும் மன்னிக்க வேண்டும் என்ற கருத்துள்ள ஜெபத்தைத் தினமும் செய்கிறார்கள். நானூறு ஆண்டு பழக்கம் ஒரு நாள் கை கொடுத்தது. பழகாத வீட்டில் துக்கம் நடந்த அன்றைக்குப் போய்ப் பொறுமையைக் கற்பிக்க முடியாது.

இங்கே அய்யாவின் சரிதத்தை நினைக்க வேண்டும். திருவிதாங்கூர் அரசின் சேவகர்கள் சாமிதோப்புக்கு வந்து அய்யாவைப் பிடித்தபோது சான்றோர் மக்கள் எதிர்த்து நிற்கத் துடித்தார்கள். அய்யா அவர்களைப் பொறுத்திருக்கச் சொன்னார். சிங்காரத்தோப்புச் சிறையில் அய்யா பட்ட வதைகளை அகிலத்திரட்டு விரிவாகவே சொல்கிறது. விடுதலையாகி வந்தபின் அய்யா ஆள் திரட்டிப் பழிக்குப் புறப்படவில்லை. எழுநூறு குடும்பத்தாரைத் துவையல் தவசுக்கு அனுப்பினார். குளித்து, துவைத்து, ஒருவேளை உண்டு, ஒன்றாக இருந்து பழகும் வாழ்வை அவர்களுக்குக் கொடுத்தார். அடித்தவனைத் திருப்பி அடிப்பதற்குப் பதிலாக அடிபட்ட மக்களை நிமிர்த்தும் வேலை அது.

ஆனால் அதே அகிலம் அந்த அரசனை எந்தப் பெயரால் அழைக்கிறது? நீசன் என்றே அழைக்கிறது. வரிக்கொடுமையும் ஊழியக்கொடுமையும் ஒன்றுவிடாமல் அதில் பதிவாகியிருக்கின்றன. பழிவாங்கவில்லை என்பதற்காக நடந்த அநியாயத்துக்கு வேறு நல்ல பெயர் வைக்கவில்லை. பொறுமையைப் பேசுகிற பலர் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள். "போனது போகட்டும், அதைப் பேசாதே" என்பது பொறுமை அல்ல, அது வாயை அடைப்பது. சொல்லப்படாத குற்றத்துக்கு மாப்பும் கிடையாது, ஏனென்றால் எதற்கு மாப்பு என்று யாருக்கும் தெரியாது.

இன்னொன்று நடுத்தீர்வை. தீர்ப்பு அய்யாவுடையது, தர்மயுகத்துக்கு முன் எல்லாக் கணக்கும் அவர் முன்னே வரும் என்று நம்புகிறவன்தான் தன் கையிலுள்ள அரிவாளைக் கீழே வைக்க முடியும். கணக்கே இல்லை என்று நினைப்பவனிடம் பொறுமையைச் சொன்னால், அவன் காதில் "உன் பிள்ளை போனது ஒன்றுமில்லை" என்றுதான் விழும். யுகந்தோறும் குறோணியின் துண்டங்கள் அசுரராய் வந்தபோதும் நாராயணர் எடுத்தவுடனே வதைக்கவில்லை. புத்தி சொல்லிப் பார்த்தார். அவர்கள் செருக்கை விடவில்லை. தவணை கொடுப்பது பொறுமை. தவணையை மதிக்காதவனுக்குத் தீர்வை உண்டு. இரண்டும் ஒரே அய்யாவிடம் இருக்கின்றன.

இதிலிருந்து நடைமுறைக் கேள்வி ஒன்று வருகிறது. மாப்புக் கொடுத்தவன் கோர்ட்டில் போய்ச் சாட்சி சொல்லலாமா? தாராளமாகச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். அந்த ஆள் உயிரோடு பிடிபட்டிருந்தால் அவனைச் சிறையில் வைப்பதை ஆமிஷ் மக்கள் தடுத்திருக்க மாட்டார்கள். வேறு பிள்ளைகளைக் காப்பது அரசின் கடமை என்பதே அவர்கள் எண்ணம். தன் மனத்திலிருந்து வர்மத்தை நீக்குவது தகப்பனின் பொறுப்பு. தண்டிப்பதும் தண்டிக்காமல் விடுவதும் அவன் பொறுப்பல்ல. ஊர்ப் பெரியவர்கள் கூடி, பணம் பேசி, "மன்னித்துவிட்டேன் என்று எழுதிக்கொடு" என்று துட்டி வீட்டில் கையெழுத்து வாங்குவது உண்டு. அதற்கு மாப்பு என்று பெயர் வைப்பது அந்தச் சொல்லுக்குச் செய்யும் அவமரியாதை.

ஆமிஷ் மக்களிடமும் இந்தக் குறை இல்லாமல் இல்லை. வீட்டுக்குள்ளேயே, உறவினர் கையாலேயே கொடுமைக்கு ஆளான பெண்கள் சிலர் பின்னாளில் வெளியே வந்து பேசினார்கள். செய்தவன் சபை நடுவில் முழங்காலிட்டுத் தவறை ஒப்புக்கொண்டால், சில வாரம் விலக்கி வைத்துவிட்டுத் திரும்பச் சேர்த்துக்கொள்வார்களாம். அதன்பின் மன்னிக்காதவள்தான் குற்றவாளி. போலீசுக்குப் போனால் அவளுக்குத்தான் ஏச்சு. உலகமே புகழ்ந்த அதே மன்னிப்பு, பலம் குறைந்தவள் கழுத்தில் கயிறாகவும் மாறியது. நிக்கல் மைன்ஸில் அடிபட்டவர்கள் தாமாகவே எடுத்துக் கொடுத்தார்கள். இங்கே அடிபட்டவளிடமிருந்து பிடுங்கினார்கள். நம்முடைய குடும்பங்களிலும், குடித்துவிட்டு அடிக்கிற கணவனை "அய்யாவை நினைத்துப் பொறுத்துக்கொள் மக்களே" என்று தாயும் மாமியாரும் சொல்வது உண்டு. சொல்கிறவருக்கு அது சுலபம். பாரம் யார் தோளில் இருக்கிறதோ அவர் வாயிலிருந்துதான் அந்தச் சொல் வர வேண்டும்.

அப்படியானால் இறந்த குழந்தைக்காக யார் மாப்புக் கொடுப்பது? யாராலும் முடியாது. தாய் தன் மடி வெறுமையானதைப் பொறுக்கலாம். தகப்பன் தன் வர்மத்தை விடலாம். அண்ணன் தன் ஆத்திரத்தை விடலாம். குழந்தைக்குக் கிடைக்காமல் போன எழுபது ஆண்டு அவர்களுடையது அல்ல. அதற்குரிய கணக்கு தீர்வைக்கே போகும். ஒரே வீட்டில் தாய் மன்னித்து, அண்ணன் மன்னிக்காமல் இருக்கவும் கூடும். இருவரில் ஒருவர் அய்யாவை விட்டு விலகிவிட்டார் என்று பணிவிடைக்காரர் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது.

அந்தப் பள்ளிக்கூடத்தைப் பத்து நாளில் இடித்துப் புல்தரையாக்கிவிட்டார்கள். ஆறு மாதம் கழித்து, 2007 ஏப்ரல் 2ஆம் தேதி, சற்றுத் தள்ளிப் புதிய பள்ளி திறந்தது. பிழைத்த ஐவரில் நான்கு பேர் காலப்போக்கில் பள்ளிக்குத் திரும்பினார்கள். அப்போது ஆறு வயதாயிருந்த ஒரு சிறுமிக்குத் தலையில் பட்ட காயத்தால் நடையும் பேச்சும் போய்விட்டன. சக்கர நாற்காலியே அவள் இடமாயிற்று, குழாய் வழியாகத்தான் ஆகாரம் கொடுத்தார்கள்.

சுட்டவனுடைய தாய் டெரி ராபர்ட்ஸ். நடந்ததைக் கேட்டதும், இனி இந்த ஊரில் முகம் காட்ட முடியாது என்றே அவர் நினைத்தார். ஊரார் போகவிடவில்லை. சில மாதங்களுக்குப் பின் பாதிக்கப்பட்ட குடும்பங்களின் வீடுகளுக்கு அவர் போகத் தொடங்கினார். அந்தத் தாய்மாரையும் பிள்ளைகளையும் தன் வீட்டுக்குத் தேநீருக்கு அழைத்தார், அவர்களும் வந்தார்கள். பிறகு அந்தச் சிறுமியின் பெற்றோரிடம், வாரம் ஒருநாள் வந்து அவளைப் பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். தன் மகன் சுட்ட பிள்ளை. அவர்கள் சம்மதித்தார்கள். வியாழக்கிழமைதோறும் மாலையில் போய், அவளைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, கதை வாசித்து, பாட்டுப் பாடித் தூங்கவைப்பார். 2017இல் புற்றுநோயால் இறக்கும் வரை, உடல் இடங்கொடுத்த காலமெல்லாம் இது நடந்தது.

அந்தச் சிறுமியால் பேச முடியவில்லை. அவள் பொறுத்தாளா, மாப்புக் கொடுத்தாளா என்று கேட்டு அறிய வழி இருக்கவில்லை. டெரி ராபர்ட்ஸ் அடுத்த வியாழக்கிழமையும் போனார்.